டெராபைட் கெட்டிமேளம்

மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணம் இன்றைய நிலவரப்படி 600 ஜிபி. மேலே போகலாம், கீழே வராது. முந்தின நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து கேமரா ஓடுவது 6 மணி நேரம், கேமரா 2. ஃபோர்-கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. பெருக்கினால் 540. கேண்டிட் எடுக்க வந்த தம்பி சுட்டுத் தள்ளும் ரா ஃபைல் ஒரு 3,000. ஒன்றுக்கு 30 எம்பி வைத்தால் இன்னொரு 90. மண்டபத்துக்கு மேலே ஏறி, பக்கத்துத் தென்னந்தோப்பையும் ரயில் பாதையையும் எடுத்துவிட்டு இறங்கும் டிரோன் தனிக்கணக்கு. பொண்ணு மாப்பிள்ளையைப் பஞ்சப்பள்ளி அணைக்கோ ஒகேனக்கலுக்கோ கூட்டிப்போய் ஓடவிட்டு எடுத்தால் அது வேறு.

1988-ல் இதே ஊரில் ஒரு கல்யாணம் 3 ரோல்.

ரோலுக்கு 36 படம். எங்கள் ஸ்டூடியோ முதலாளி கறுப்புத் துணிப்பைக்குள் கையை விட்டு இருட்டிலேயே லோடு செய்வார். அதனால் 38 வரும். அந்த உபரி இரண்டில்தான் அவருடைய கலை இருந்தது: சாம்பார் அண்டாவை இறக்கும் ஆள், பந்தல் காலில் சாய்ந்து தூங்கும் குழந்தை. மற்ற 36-ம் முன்கூட்டியே தீர்மானமானவை. மாப்பிள்ளை அழைப்புக்கு இத்தனை, தாலிகட்டுக்கு இத்தனை, சீர்வரிசைக்கு ஒன்று, பேசிக்கொள்ளாத பங்காளிகள் தனித்தனியாக நிற்க ஆளுக்கு ஒன்று. பொண்ணோட தாய்மாமன் ஃபிளாஷ் மின்னுவதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்தடுத்து இரண்டு மின்னினால், "யாரைக் கேட்டு ரெண்டு எடுத்தே?" என்று வருவார். ஆனால் அடுத்தடுத்து மின்னுவது அவ்வளவு சுலபமில்லை. ஒரு தடவை அடித்தால் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏற முனகிக்கொண்டே சில நொடி எடுக்கும். கெட்டிமேளம் முழங்கும்போது அந்த முனகல் தீரவில்லை என்றால் தாலி போனது போனதுதான். போனால் என்ன? அட்சதை விழுந்து அடங்கியபின் முதலாளி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மறுபடி பொண்ணு கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். "கொஞ்சம் தலையக் குனிஞ்சாப்பல இரும்மா" என்பார். ஊரில் பல ஆல்பங்களில் பத்திரமாக இருப்பது இந்த இரண்டாவது தாலிகட்டுதான்.

படத்தை எதில் வைப்பது என்ற கேள்வி அப்போது எழவே இல்லை. கலர் ரோல் ரயிலேறிப் பெங்களூர் லேபுக்குப் போய்த் திரும்பும். படங்கள் ஆல்பத்துக்கு, ஆல்பம் பார்ட்டி வீட்டுக்கு. நெகட்டிவ் மட்டும் ஆறு ஆறு படமாக நறுக்கப்பட்டு பட்டர் பேப்பர் உறைக்குள் போய், அதன்மேல் பால்பாயின்ட் பேனாவில் ஊரும் தேதியும் ஏறி, பிஸ்கட் தகர டப்பாவுக்குள் இறங்கும். எந்த டப்பா என்பதற்கு முதலாளி வைத்திருந்த தரக்கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். டீக்கடையில் பிஸ்கட் தீர்ந்த அன்று போய் நின்றால் டப்பா கிடைக்கும். உள்ளே இரண்டு அந்துருண்டை. டப்பா நிறைந்தால் அலமாரிமேல் ஏறும். அலமாரி நிறைந்தால் பரண். இதற்கு யாரும் ஆலோசனைக் கூட்டம் போட்டதில்லை.

கறுப்பு-வெள்ளைக் காலத்து டப்பாக்கள் பரணின் உள்மூலையில் இருந்தன. பெரிய சைஸ் ரோல், ஒன்றுக்கு 12 படம். சிலதின் ஓரத்தில், ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பெயரைப் பார்க்கலாம். அந்த டப்பாக்களின் கதையைச் சொல்லிவிட வேண்டும். பிரின்ட் போட்டு முடித்த ஹைப்போ கரைசலைக் கொட்டாமல் கேனில் சேர்த்து வைப்போம். சேலத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போவார். ஃபிலிமிலும் பேப்பரிலும் படமாக மாறாத வெள்ளி அதில் கரைந்திருக்கும், பிரித்தெடுத்தால் காசு. கலர் நெகட்டிவில் கடைசியில் வெள்ளி நிற்பதில்லை, லேபிலேயே கழுவிப் போய்விடும். கறுப்பு-வெள்ளையில் படமே வெள்ளி. அதனால் அந்த மனிதர் எங்களிடம் பேசும்போதெல்லாம் பரணைப் பார்த்தபடியே பேசுவார். ஒரு ஆடி மாதம், முகூர்த்தம் இல்லாமல் தொழில் படுத்துக் கிடந்த நேரத்தில், முதலாளி அந்த டப்பாக்களை எடைக்குப் போட்டார். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். மாரண்டஹள்ளியின் அறுபதுகள் யார் யார் காலில் ஏறினவோ.

முதலாளிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. "கல்யாணம் ஆனவங்களே செத்துட்டாங்க, நெகட்டிவ் எதுக்குடா?" என்றார். இதே போலப் பல ஊர் ஸ்டூடியோக்களில் நடந்தது. பிற்பாடு புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் மிச்சமிருந்த படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்தது. அவர்கள் எங்கள் பக்கம் வந்திருந்தால் காட்டுவதற்கு எங்களிடம் இருந்தது காலி இடம்தான். அதுவும் சுத்தமாகப் பெருக்கி வைத்த காலி இடம்.

அடுத்து வீடியோ வந்தது. தோளில் சாத்தி எடுக்கும் பானாசோனிக் கேமரா, அதற்கு 3 மணி நேர விஎச்எஸ் கேசட். லைட் பிடிக்கிற பையன் நான். அந்த விளக்கின் சூட்டில் மணமேடையில் எல்லோருக்கும் வேர்க்கும். படத்தில் அது பக்திப் பரவசமாகத் தெரியும். எடுத்ததை மிக்சிங்குக்கு அனுப்பினால் பொண்ணும் மாப்பிள்ளையும் இதய வடிவத்துக்குள்ளிருந்து சுழன்று வருவார்கள். கேசட்டைப் பார்ட்டியிடம் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. பார்க்க டெக் வேண்டும். டெக்கையும் கலர் டிவியையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவைக் கூட்டி, மூன்று மணி நேரமும் விடாமல் பார்ப்பார்கள். யார் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனார் என்பதுகூட அதில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கேசட் சொந்தக்காரர் வீடு வீடாகப் போகும். போன கேசட் திரும்பாது. திரும்பினாலும் முழுசாகத் திரும்பாது. பதிவு அழியாமல் இருக்க கேசட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பல்லை உடைத்து விட்டிருப்போம். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதிவு செய்யலாம் என்பது ஊரில் எப்படியோ பரவியிருந்தது. நலங்கு முடிந்து சப்தபதி வரவேண்டிய இடத்தில் டிவியில் வந்த கிரிக்கெட் மேட்ச் ஓடிய கேசட்டை நானே பார்த்திருக்கிறேன். பார்ட்டி கோபப்படவில்லை. யார் வீட்டில் பதிவானது என்று கண்டுபிடிப்பதிலேயே அவருக்கு ஆர்வம் இருந்தது.

இன்று அந்தக் கேசட்டுகள் எங்களிடமே திரும்பி வருகின்றன. உள்ளே டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. "பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க" என்பார்கள். போடலாம், டெக் ஓடினால். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. எங்களிடம் இருக்கும் டெக்கின் ஹெட்டைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரைக்கும் நடந்ததில் ஒரு ஒழுங்கு இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ரோலோ கேசட்டோ, ஒவ்வொரு கல்யாணமும் தன் அலமாரியைத் தானே வாங்கிக்கொண்டு வந்தது. படம் எதில் பதிவாகிறதோ அதிலேயே குடியிருக்கும். அதன் விலை பார்ட்டி பில்லில் ஏறிவிடும். மினி டிவி வந்தபோதுகூட அப்படித்தான்: 60 நிமிட கேசட் ஒன்று, கணினிக்கு மாற்றினால் 13 ஜிபி வரும், எடிட் முடிந்ததும் கணினியில் அழித்துவிட்டு கேசட்டை டப்பாவில் போட்டுவிடலாம். மெமரி கார்டு வந்துதான் குடியைக் கெடுத்தது. கார்டு விலை அதிகம், அதனால் அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கார்டுதான் வேண்டும். காலி செய்தாக வேண்டும். எதில்? அந்த 'எதில்' எங்கள் செலவில் வந்து விழுந்தது.

முதலில் டிவிடி. ஒன்றில் 4.7 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கத்தை என்றால் கட்டுப்படியாகுமா? பிறகு கையகல எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க். கறுப்பு, நீலம், சிவப்பு. மேலே ஸ்டிக்கரில் 'வைகாசி', 'ஆவணி', 'தை-மாசி' என்று எழுதி பீரோவில் அடுக்கினோம். 2011 ஐப்பசியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகத்து ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய பங்கு அந்த நாட்டில் தயாராகிறது என்பது மாரண்டஹள்ளிக்குத் தெரிந்தது அப்போதுதான். விலை எங்கோ ஏறிப் போயிற்று. எங்கள் சின்னாற்றில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பழகியவர்கள், பாங்காக்கில் வடிந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சின்ன டிஸ்குகளுக்கு இரண்டு வியாதி. ஒன்று, அந்த அகலமான யுஎஸ்பி வாய் ஆடிப்போவது. இன்னொன்று, மேஜையிலிருந்து விழுவது. விழுந்தால் உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஒரு டிஸ்கைப் பெங்களூரில் ஒரு மீட்புக் கடைக்குக் கொண்டுபோனால், கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிய கூலியைவிட அதிகமாகக் கேட்டார்கள். தாலியை மறுபடி கட்டச் சொல்வதே மலிவு. ஆனால் இப்போது அதற்கு இரண்டு கேமராவும் டிரோனும் சேர்ந்து வரவேண்டும்.

இந்த இடத்தில்தான் என் தங்கை மகன் வருகிறான். பாலிடெக்னிக் முடித்து எடிட்டிங்கில் உட்கார்ந்தவன். ஒரு ஆடி மாதம், பீரோவைத் திறந்து நின்று பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் எடுத்துட்டு ஒரே பெட்டியா போட்டுடலாம். நாலு டிஸ்க் போடுற பெட்டி" என்றான்.

"எத்தினி ரூபா?"

"அத அப்புறம் பேசலாம் மாமா. மொதல்ல டாஸா நாஸான்னு முடிவு பண்ணணும்."

டாஸ் என்றால் கணினியில் நேராகக் கேபிள் செருகும் பெட்டி. வேகம் அதிகம், ஆனால் ஒரு கணினிக்கு ஒரு பெட்டி. நாஸ் என்றால் நெட்வொர்க்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெட்டி. அவனும் பார்க்கலாம், ஆல்பம் டிசைன் செய்கிற பெண்ணும் பார்க்கலாம். சாதாரண கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரும். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கே அதைவிட வேகமாகக் கொடுக்கும், கேபிள்தான் குறுகல். இதைப் பற்றி அவன் ஆடி முழுக்கப் பேசினான். எங்கள் முதலாளி ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டது டீ ஆறும் நேரம்.

பிறகு நாலு டிஸ்கையும் எப்படிக் கட்டுவது என்ற பிரச்சினை. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: பெரிய விலையில் ஒரே டிஸ்க் வாங்குவதற்குப் பதில் மலிவான பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டினால் வேகமும் வரும், ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும் என்று. அதன் பெயர்தான் ரெய்டு. நாங்கள் 3 ரோலில் கல்யாணத்தை முடித்துக்கொண்டிருந்த அதே வருஷம். மருமகன் எனக்குப் புரிய வைத்த விதத்தைச் சொல்கிறேன், நன்றாகத்தான் சொன்னான். மூன்று டிஸ்கில் 7, 5, 9 என்று எண்கள் இருக்கின்றன. நாலாவதில் கூட்டுத்தொகை 21. ஐந்து இருந்த டிஸ்க் செத்துப்போனால் 21-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழி. 5 திரும்ப வந்துவிடும். உண்மையில் கூட்டல் வேறு மாதிரி, கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்கில் இல்லாமல் நாலிலும் மாறி மாறி உட்காரும். ஆனால் சாரம் இதுதான். இது ரெய்டு 5. ஒன்று சாகலாம், இரண்டு சாகக் கூடாது. இரண்டு சாகலாம் என்றால் ரெய்டு 6, அதற்கு இன்னொரு டிஸ்க் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ரெய்டு 0 என்று ஒன்று உண்டு: வேகம் மட்டும்தான், ஒன்று போனால் எல்லாமே போகும். அதைத் தொழிலில் வைத்திருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'ரெய்டு போட்டிருக்கேன்' என்பார்கள்.

"நாலு டிஸ்க், ஒண்ணு 4 டிபி. 16 டிபி மாமா."

"சரி."

"ஒண்ணு கழிச்சா 12."

"இன்னாடா இது, வாங்குறப்பவே கழிவா?"

"கம்ப்யூட்டர்ல பாத்தா 10.9ன்னு காட்டும். அவன் ஆயிரத்தால வகுக்குறான், கம்ப்யூட்டர் 1,024-ஆல வகுக்குது."

பதினாறுக்குக் காசு கொடுத்து, அதற்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கொடுத்து, பதினொன்றுக்கும் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தொழில்நுட்பம் என்கிறார்கள். புளி வியாபாரத்தில் இதற்கு வேறு பெயர்.

டிஸ்க் வாங்கப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். எங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட அது பக்கம். ஓசூர் வழியாக ரயிலில் போய், டவுன் ஹால் பக்கம் அந்தச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் உலகத்தில் இருக்கிற எல்லா கேபிளும் தொங்கும். கடைக்காரரிடம் நான் கன்னடத்தில் விலை பேச, மருமகன் இங்கிலீஷில் சந்தேகம் கேட்க, அவர் தமிழில் பதில் சொன்னார். மருமகனின் சந்தேகம் நியாயமானது. சில டிஸ்குகள் இடம் மிச்சம் பிடிக்க, பதிவுத் தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும். சும்மா வைத்துப் படிக்க அது போதும்; ஆனால் இடையில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும், வேகம் படுத்துவிடும். ரெய்டில் செத்த டிஸ்கை மாற்றும்போது இந்த ரகம் மாட்டினால் சங்கடம். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் பெட்டிக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சிலவற்றை இந்த ரகமாக வெளியே சொல்லாமல் விற்றது தெரியவந்து பெரிய சச்சரவானது. பிறகு வரிசையையே பிரித்துப் பெயர் வைத்தார்கள். அதனால் மருமகன் ஒவ்வொரு மாடல் நம்பரையும் போனில் தட்டிப் பார்த்தான். நாலும் ஒரே பெட்டியில் ஒரே நாள் தயாரானதாக இருக்கக் கூடாது என்றும் கேட்டான். கூடப் பிறந்தவை கூடவே சாகுமாம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பொண்ணு பார்க்க வந்த இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்பது அந்தப் பார்வை.

பெட்டியிலும் அவனுக்கு ஒரு கட்சி இருந்தது. பெட்டி செத்தால் டிஸ்கை வேறு பெட்டியில் போட்டுப் படிக்க முடிய வேண்டும். டிரோபோ என்று அமெரிக்காவில் ஒரு பெட்டி இருந்தது. வேறு வேறு அளவு டிஸ்கைக் கலந்து போட்டாலும் தானே சமாளித்துக்கொள்ளும், போட்டோகிராபர்கள் கொண்டாடினார்கள். ஆனால் உள்ளே எழுதும் முறை அந்தக் கம்பெனிக்கே சொந்தம். 2022-ல் திவால் மனுக் கொடுத்து 2023-ல் கடையைக் கட்டியது. இனி அந்தப் பெட்டி பழுதானால் உள்ளே இருப்பதைப் படிக்க இன்னொரு பழைய டிரோபோவைத் தேட வேண்டும். லினக்ஸின் பொது முறையில் எழுதும் பெட்டியானால் டிஸ்கைக் கழற்றி ஒரு சாதாரண கணினியில் மாட்டியே மீட்டுவிடலாம். அப்படி ஒன்றை வாங்கினோம். கூடவே ஒரு யுபிஎஸ். கரன்ட் போனால் பெட்டிக்குத் தகவல் சொல்லி ஒழுங்காக மூடச் செய்யும் கேபிளோடு. 'பெட்டி வாங்கப் போனோம்' என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் ஒரு குடும்பத்தையே அழைத்து வந்தோம்.

1956-ல் ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தை வெளியிட்டபோது அதில் 24 அங்குலத் தட்டுகள் 50. எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. எங்கள் கேண்டிட் தம்பி பொண்ணோட கண்ணிமையை மட்டும் எடுத்த ஒரு ரா ஃபைல் அதில் அடங்காது. அந்தக் கண்ணிமை 40 ஃபிரேம் இருந்தது.

பெட்டி வந்த பிறகு வேறு ஒரு சங்கதி பிடிபட்டது. ஒரு நாள் மூன்றாவது டிஸ்கின் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறி மினுக்கியது. அதைக் கழற்றிப் புதிது மாட்டினால் பெட்டி தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம். அந்த நேரத்தில் இன்னொன்று செத்தால் எல்லாம் போச்சு. மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். வெளியே தக்காளி லாரிகள் ராயக்கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நடுராத்திரி கரன்ட் போய், யுபிஎஸ் 'பீப்' என்று கத்த, இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் வரை அவன் மூச்சே விடவில்லை.

"செத்த டிஸ்க்ல யார் கல்யாணம்டா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அப்பிடி இல்ல மாமா. எல்லார் கல்யாணமும் எல்லா டிஸ்க்லயும் இருக்கு. பொடிப் பொடியா வெட்டித்தான் எழுதும்."

பிஸ்கட் டப்பாவில் ஒரு கல்யாணத்தை உருவி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால், தலைகீழ் வண்ணத்தில் பொண்ணு தெரியும். இதில் எந்த டிஸ்கை உருவினாலும் அத்திமுட்லுக்காரர் மாலையும் பாலக்கோட்டுக்காரர் பந்தியும் கலந்த எண்கள்தான்.

ரெய்டு என்பது காப்புப் பிரதி ஆகாது என்பது அடுத்த பாடம். கை தவறி அழித்தால் நாலிலும் ஒழுங்காக அழியும். இணையத்துக்குத் திறந்து வைத்த நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நிரல்கள் 2021-லும் 2022-லும் உலகம் முழுக்க வேட்டையாடின. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் சொன்ன கணக்கு ஒன்று தொழிலில் வேதவாக்கு: 3 பிரதி, 2 விதமான சாதனம், அதில் 1 வேறு இடத்தில். எங்களுக்கு வேறு இடம் என்றால் பாலக்கோட்டில் தங்கை வீடு. முக்கியமான கல்யாணங்களை நகலெடுத்த பெரிய டிஸ்க் ஒன்று அங்கே அரிசி டிரம்முக்கு மேல் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கின் மூடியில் காற்று சமனாக ஒரு சின்னத் துளை இருக்கும். 'மூடக் கூடாது' என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். ஆயுத பூஜையன்று தங்கை சரியாக அந்த இடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். "நடுவுல வெச்சாத்தானே அழகு" என்றாள்.

தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று ஒரு பிரதிகூட மிச்சமில்லை. எங்கள் வட்டாரத்து மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஐஸ்கிரீம் சாப்பிடுவது ஃபோர்-கேயில் 3 பிரதி இருக்கிறது, ஒன்று சந்தனப் பொட்டோடு.

இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? வாரத்துக்கு ஒருவர் வருவார், வீடியோ கேட்டு அல்ல. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு. "பாட்டி தவறிட்டாங்க. நம்ம கல்யாணத்துல நீங்க எடுத்திருப்பீங்களே, ஒரு முகம் மட்டும் வேணும். ஃபிளெக்ஸ் கடையில நிக்கிறோம்." அந்தக் காலத்திலும் இதுதான் முக்கியத் தேவை. முதலாளி கண்ணை மூடி யோசிப்பார். "அது பஞ்சப்பள்ளிப் பார்ட்டி, மழை பேஞ்ச வருஷம்" என்று சொல்லி நேரே ஒரு டப்பாவைக் கை காட்டுவார். எடுத்தால் பாட்டி இருப்பார், ஏனென்றால் பாட்டியைத் தனியாக நாற்காலி போட்டு உட்கார வைத்து எடுப்பது அந்த 36-ல் ஒன்று. இப்போது ஃபோல்டரைத் திறந்தால் டிஎஸ்சி என்று தொடங்கும் 3,000 எண்கள். கேண்டிட் என்றால் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, அதனால் பாட்டி பார்க்கவில்லை. ஒன்றில் பாதி முகத்தைக் குத்துவிளக்கு மறைக்கிறது. ஒன்றில் பாட்டி தெளிவில்லாமல் பின்னால், முன்னால் தெளிவாக ஒரு ஜிமிக்கி. டிரோனில் பாட்டி இருக்கிறார், உச்சந்தலை. மருமகன் வீடியோவை ஓட்டி ஓட்டி ஒரு ஃபிரேமை வெட்டி எடுப்பதற்குள் போன் வரும்: "விடுங்கண்ணா, ஆதார் போட்டோவையே போட்டுட்டோம்."

பார்ட்டிகளிடமும் பிரதி உண்டு. 'ஹார்ட் டிஸ்க் பார்ட்டியே வாங்கித் தரவேண்டும்' என்பது இப்போது எல்லா ஸ்டூடியோ பேக்கேஜிலும் இருக்கிற வரி. வாங்கித் தருவார்கள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார்கள், வருஷக்கணக்கில் சொருகிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் சொருகினால் சுற்றாது. நேரே நம்மிடம்: "உங்ககிட்ட இருக்குமே?" இருக்கும். அதற்குத்தான் இந்த நாலு டிஸ்கும் யுபிஎஸ்ஸும் அரிசி டிரம்மும்.

பெட்டி நிரம்பத் தொடங்கியதும் மருமகன் ரசீதில் ஒரு வரி அச்சடித்தான்: 'ஆறு மாதத்துக்குப் பிறகு படங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, தொடர்ந்து பாதுகாக்க ஆண்டுச் சந்தா உண்டு.' யாரும் படிக்கவில்லை. படித்த ஒரே ஆள் புளி வியாபாரி. மூத்த மகள் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்திருந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"படம் எடுக்கக் காசு வாங்கினே, சரி. எடுத்ததை வெச்சிருக்க வாடகையா?"

மருமகன் தயாராகத்தான் இருந்தான். "நீங்க புளியக் கோல்டு ஸ்டோரேஜ்ல வெக்கிறீங்களே மாமா, மூட்டைக்கு வாடகை கொடுக்கலயா? அதே மாதிரிதான் இதுவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "புளி மேல ஏறும்டா தம்பி. வாடகை போக நாலு காசு நிக்கும். இந்தக் கல்யாண வீடியோ வெச்சிருந்தா விலை ஏறுமா?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் யுபிஎஸ்ஸைப் பார்த்தேன். அவர் ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டாவது மகளுக்குத் தை மாதம் தேதி குறித்திருப்பதாகச் சொல்லி அட்வான்ஸை எண்ணி வைத்தார். இந்தத் தடவை டிரோன் இரண்டு வேண்டுமாம், சம்பந்தி வீட்டில் ஒன்று விட்டார்களாம்.